ஒரு முகூர்த்தம், மூவாயிரம் ரா ஃபைல்... எந்த சாஃப்ட்வேர் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் முடிந்தால், செவ்வாய்க்கிழமை காலையிலேயே பெண்ணின் அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும்.

"தம்பி, போட்டோ ரெடி ஆயிடுச்சா? ஊர்ல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"ரெண்டே நாள்ல அனுப்பிடுறேம்மா."

பதில் சொல்லும்போதே அந்த போட்டோகிராபரின் கண், லேப்டாப் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தில்தான் இருக்கும். படம் இன்னும் திறக்கவில்லை. இன்னும் 2,960 படங்கள் பாக்கி.

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி சாலையை ஒட்டி கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நம்பிப் பிழைக்கும் கேமராக்காரர்களும் சேலையூர், குரோம்பேட்டை, மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் பாதி மண்டபத்தில் முடிகிறது. மீதிப் பாதி, வீட்டு மாடியறையில் ஃபேன் காற்றில், நாலைந்து வருடப் பழைய லேப்டாப்பில் நடக்கிறது. அந்த இரண்டாவது பாதியைச் சுருக்கித் தரும் சாஃப்ட்வேர் எது என்பதுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் கேட்டுக்கொள்ளும் கேள்வி. 'எது பெஸ்ட்?' என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். 'என் மெஷினில், என் படத்துக்கு, என் பட்ஜெட்டில் எது ஓடும்?' என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

மாவும் இட்லியும்

முதலில், எதற்காக இந்த ரா ஃபைல்? கேமரா தானே ஜேபெக் படம் தருகிறதே, அதை அப்படியே கொடுத்தால் என்ன?

வீட்டுப் பாஷையில் சொன்னால், ஜேபெக் என்பது வெந்த இட்லி. ரா என்பது மாவு. மாவு கையில் இருந்தால் தோசை ஊற்றலாம், ஊத்தப்பம் போடலாம், உப்பு பற்றவில்லை என்றால் சேர்க்கலாம். இட்லி வெந்த பிறகு தப்பு தெரிந்தால் உப்புமா கிண்டுவதுதான் ஒரே வழி.

கொஞ்சம் கணக்காகவும் பார்க்கலாம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான் உண்டு. 14 பிட் ரா ஃபைலில் அதுவே 16,384. தாலி கட்டும் நொடியை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் இருக்கிறார், பெண் அரக்குப் பட்டில். பின்னால் ஹோமப் புகை. மேலே மஞ்சள் பல்பு, பக்கவாட்டில் வீடியோக்காரரின் வெள்ளை எல்.இ.டி. போதாக்குறைக்கு நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. எக்ஸ்போஷர் ஒரு படி தப்பினால் சட்டை வெளுத்துச் சுண்ணாம்பாகும், அல்லது முகம் இருண்டு போகும். 'இன்னொரு தடவை கட்டுங்க சார்' என்று கேட்க முடியாது. ரா ஃபைல் இருந்தால் அந்த வெளுப்பை ஓரளவு இழுத்துப் பிடிக்கலாம், நிழலில் இருக்கும் முகத்தைத் தூக்கலாம், மஞ்சள் வெளிச்சத்தை எந்தச் சேதமும் இல்லாமல் மாற்றலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை, சைஸ். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுருக்காமல் இருந்தால் 42 எம்பி வரும். சுருக்கினாலும் 25 முதல் 30 எம்பி. 28 என்று வைத்துக்கொண்டால்கூட மூவாயிரம் படத்துக்கு 84 ஜிபி. அதுவும் ஒரே கல்யாணத்துக்கு.

அதோடு, ரா ஃபைல் என்பது இன்னும் படமே அல்ல. கேமராவின் சென்ஸார் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு வடிகட்டி இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த அமைப்பு இது. 1976-ல் காப்புரிமை வாங்கப்பட்டது. கட்டங்களில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ஒரு கட்டத்துக்கு ஒரு வண்ணம்தான் தெரியும். மீதி இரண்டையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அதைச் செய்வது சாஃப்ட்வேர். நீங்கள் ஒவ்வொரு முறை பொத்தானை நகர்த்தும்போதும் கோடிக்கணக்கான பிக்சல்களுக்கு அது மறுபடி மறுபடி கணக்குப் போடுகிறது. லேப்டாப் ஃபேன் ஏன் ஆட்டோ மாதிரி சத்தம் போடுகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

உதாரணமாக, டார்க்டேபிள் என்ற சாஃப்ட்வேர் ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள், ஓர் எண்ணுக்கு நான்கு பைட் என்று வைத்து வேலை செய்கிறது. 24 மெகாபிக்சல் படத்தின் ஒரே ஒரு பிரதி ரேமில் உட்கார 384 எம்பி வேண்டும். ஒவ்வொரு படியிலும் உள்ளே போவதற்கு ஒன்று, வெளியே வருவதற்கு ஒன்று என இரண்டு பிரதிகள். 8 ஜிபி ரேமில் விண்டோஸ் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் பத்து டேப் திறந்திருந்தால் அது இன்னொரு பங்கு. மிச்சத்தில்தான் இந்த வேலை நடக்க வேண்டும்.

நேரம் எங்கே போகிறது?

'எடிட்டிங்கில் நேரம் போகிறது' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால், பெரும்பாலும் நேரம் போவது எடிட்டிங்கில் அல்ல, பொறுக்குவதில். மூவாயிரம் படங்களில் கண் மூடியவை, கையில் காபி டம்ளரோடு குறுக்கே போன மாமா, ஒரே போஸில் எட்டு என்று கழித்தால் தேறுவது ஐந்நூறோ அறுநூறோதான். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக மூன்று விநாடி ஆகிறது என்று வையுங்கள். மூவாயிரத்துக்கு 9,000 விநாடி, அதாவது இரண்டரை மணி நேரம். வேலையே செய்யாமல், வெறுமனே காத்திருக்கும் நேரம் இது.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு ஜேபெக் படத்தையும் ஒளித்து வைக்கிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். பொறுக்கும் வேலைக்கு அந்தப் படம் போதும். போட்டோ மெக்கானிக் போன்ற சாஃப்ட்வேர்கள் அதை மட்டும் உருவிக் காட்டுவதால்தான் பத்திரிகை போட்டோகிராபர்கள் அதை விரும்புகிறார்கள். அது கட்டணம். சொந்த உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்என்வியூ எம்பி-யும் ரா ஃபைல்களைத் திறந்து காட்டும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் படங்களை இம்போர்ட் செய்யும்போது, முன்னோட்டத்தைப் புதிதாகத் தயாரிக்காமல் ஃபைலுக்குள் இருப்பதையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். வருடக்கணக்கில் லைட்ரூம் ஓட்டுபவர்களில்கூட அந்த ஆப்ஷன் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் உண்டு.

பழைய மெஷின்காரர்களுக்கு லைட்ரூமிலேயே இன்னொரு உபாயம் இருக்கிறது: ஸ்மார்ட் ப்ரிவியூ. நீளப் பக்கம் சுமார் 2,500 பிக்சல் உள்ள சின்னப் பிரதி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு, எடிட்டிங் முழுவதையும் அதன் மேல் செய்துவிடலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் ஒரிஜினல் ஃபைல் வரும். மூல ஃபைல்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம். (சீட் கிடைத்தால்!)

ஆடியிலும் மார்கழியிலும் சந்தா

அடோபியின் லைட்ரூம் 2007-ல் வந்தது. கல்யாண வேலைக்கு அதுதான் இன்றும் முன்னால் நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு படத்தில் வண்ணத்தைச் சரிசெய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த எண்பது படங்களுக்கு ஒரே சொடுக்கில் ஒட்டிவிடும் வேலையை அது சுலபமாகச் செய்கிறது. யூட்யூபில் தமிழிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. சந்தேகம் வந்தால் பக்கத்துத் தெரு போட்டோகிராபரைக் கேட்கலாம். இதுவும் ஒருவகை வேகம்தான்.

சிக்கல், பணத்தில். ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற லைட்ரூம் 2015-ல் வந்த ஆறாவது பதிப்போடு நின்றுவிட்டது. இப்போது சந்தா மட்டும்தான். குறைந்த விலையில் இருந்த 20 ஜிபி திட்டத்தையும் 2025 ஜனவரியிலிருந்து புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஐ.டி கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. கல்யாண போட்டோகிராபருக்கு அப்படியல்ல. ஆடியில் முகூர்த்தம் இல்லை. மார்கழியில் இல்லை. சந்தாவுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. வேலையில்லாத மாதத்தில் நிறுத்திவிட்டு, தையில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால், 'வருடத் திட்டம், மாதத் தவணை' என்று சேர்ந்தவர்களுக்கு நடுவில் விலகினால் கட்டணம் உண்டு. இந்த விலகல் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை, ரத்து செய்வதையும் கடினமாக்கியிருக்கிறது என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மேல் வழக்குப் போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. சேரும்போது 'மாதாமாதம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்கிற திட்டமா, வருடக் கட்டுப்பாடா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்துங்கள்.

சந்தா நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படங்கள் எங்கும் போய்விடாது. லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட்கூடச் செய்யலாம். டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். அதாவது, முடித்த வேலை கிடைக்கும். பாதியில் நிற்கும் வேலையைத் தொட முடியாது.

இதற்கெல்லாம் மாற்றாகச் சிலர் பிடிக்கும் வழி, 'கிராக்'. பென் டிரைவில் யாரோ கொடுத்தது, டெலிகிராமில் வந்தது என்று. சட்டப்படி தப்பு என்பது இருக்கட்டும். இதில் பெரிய ஆபத்து வேறு. ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியதே இந்த மாதிரி கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். டெலிவரி கொடுக்காத இரண்டு கல்யாணம் அந்த டிஸ்க்கில் இருக்கும்போது இது நடந்தால், எந்தப் பெண்ணின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? வைரஸ் எச்சரிக்கை வரும், ஆன்டி வைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய் என்று கிராக்கோடு ஒரு குறிப்பு வருகிறதல்லவா... அது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

குரோம்பேட்டைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு

காசும் வேண்டாம், கிராக்கும் வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது கட்டற்ற மென்பொருள். ஓப்பன் சோர்ஸ் என்று சொன்னால் சட்டென்று புரியும். தென்சென்னைப் புறநகருக்கு இது அந்நியமான விஷயமே அல்ல. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில், ஏ.யூ - கே.பி.சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005-ல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்காக ஒரு தேசிய மையம் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பை இந்த மையத்துக்கும் சி-டாக் சென்னைக்கும்தான் கொடுத்தது. அந்த முயற்சியில் 2007-ல் வெளிவந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ். 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்குள் இருந்ததும் இதுதான். லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸா என்று கேட்கும் அந்தத் திரையை, அப்போது பிளஸ் டூ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு விண்டோஸையே தேர்ந்தெடுத்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்குக் கேமரா தூக்குகிறார்களோ!

ரா ஃபைல் உலகத்திலும் இதே கதைதான். 1997-ல் டேவ் காஃபின் என்ற அமெரிக்கர், கேமரா கம்பெனிகள் ரகசியமாக வைத்திருந்த ரா வடிவங்களை ஒவ்வொன்றாக அலசி, திறக்கும் வழியை 'டிசிரா' என்ற சின்ன புரோகிராமாக எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2018 வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பிற்பாடு வந்த பல சாஃப்ட்வேர்களுக்கு அதுதான் அஸ்திவாரம்.

இன்று இலவசத்தில் இரண்டு பெயர்கள் முக்கியம். ஒன்று, 2009-ல் யோஹானஸ் ஹனிகா தொடங்கிய டார்க்டேபிள். விண்டோஸுக்கு 2017 டிசம்பரில்தான் வந்தது. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கணக்கு வேலையை அதன் தலையில் கட்டிவிடும். அப்போது இதன் வேகம் அசத்தல். கார்டு இல்லாத லேப்டாப்பில் திணறும். இரண்டாவது, ஹங்கேரியைச் சேர்ந்த கேபோர் ஹோர்வாத் உருவாக்கி, 2010-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட ராதெரபி. இது கிராபிக்ஸ் கார்டைத் தேடுவதே இல்லை. எல்லாவற்றையும் பிராசஸரே செய்யும். அதனால், கார்டு இல்லாத பழைய மெஷினில் எதை எதிர்பார்க்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு படத்தை நுணுக்கி நுணுக்கிச் சீர்செய்ய விரும்புகிறவர்களுக்கு ராதெரபி நன்றாக ஒத்துப்போகும். ஆயிரக்கணக்கில் படங்களை நிர்வகிக்க, டார்க்டேபிள்தான் தோது.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே செலவு, நேரம். டார்க்டேபிளைத் திறந்தவுடன் விமானத்தின் காக்பிட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். லைட்ரூமில் ஒரே பொத்தானில் நடக்கும் வேலைக்கு இங்கே மூன்று வழி இருக்கும், மூன்றுக்கும் வேறு வேறு பெயர். கைபழக வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று, புது கேமரா வாங்கினால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கேனன் 2018-ல் சி.ஆர்.3 என்ற புது ரா வடிவத்தைக் கொண்டுவந்தது. டார்க்டேபிள் அதைத் திறக்க 2021 டிசம்பர் ஆனது. கேமராவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் சாஃப்ட்வேர் அந்த மாடலைத் திறக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. திறக்காவிட்டால், அடோபி இலவசமாகவே தரும் டி.என்.ஜி கன்வெர்ட்டரில் போட்டு, பொதுவான டி.என்.ஜி வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். பல சமயம் அது கைகொடுக்கும்.

யாருமே கண்டுகொள்ளாத ஒன்றும் இருக்கிறது. கேமரா கம்பெனியே இலவசமாகத் தரும் சாஃப்ட்வேர். கேனனுக்கு டி.பி.பி, நிகானுக்கு 2021-ல் வந்த என்.எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமரா திரையில் பார்த்த அதே வண்ணம் எந்த வேலையும் செய்யாமலே கிடைக்கும். மூவாயிரம் படத்துக்கு இவற்றை நம்புவது கஷ்டம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு எடுத்த நாற்பது படத்துக்கு இதுவே தாராளம். இதில் ஃபியூஜிஃபிலிம் செய்த காரியம்தான் சுவாரஸ்யம். அவர்களின் எக்ஸ் ரா ஸ்டுடியோவில், கேமராவை யு.எஸ்.பி கேபிளில் லேப்டாப்போடு சேர்த்துவிட்டால், ரா கணக்கு முழுவதையும் கேமராவுக்குள் இருக்கும் பிராசஸரே செய்துவிடும். லேப்டாப் எவ்வளவு கிழடாக இருந்தாலும் கவலையில்லை.

பறவைக்காரர் கணக்கு வேறு

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சீஸனில் விடியற்காலையில் அங்கேயோ, பெரும்பாக்கம் ஏரிக்கரையிலோ, இன்னும் தள்ளி வேடந்தாங்கலிலோ பெரிய லென்ஸோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்கள் என்றால், வளாகத்துப் புள்ளிமானில் ஆரம்பித்திருப்பார்கள். இவர்களுக்கு டெலிவரி தேதி கிடையாது. போன் போட்டு விரட்ட யாரும் இல்லை. ஒரு காலையில் முந்நூறு படம் எடுத்து, மூன்று தேறினால் சந்தோஷம்.

இவர்களின் பிரச்னை, இருட்டில் ஐ.எஸ்.ஓ ஏற்றி எடுப்பதால் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸ். அதைத் துடைப்பதில் பிரான்ஸின் டி.எக்ஸ்.ஓ போட்டோலேப் கெட்டிக்காரன். சந்தா இல்லாமல் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கலாம். லைட்ரூமிலும் 2023 ஏப்ரலில் ஏ.ஐ டீநாய்ஸ் வந்துவிட்டது. ஆனால், இரண்டுமே நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கேட்கும். கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். மூன்று படத்துக்கு, டிகாஷன் இறங்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்று விட்டுவிடலாம். கல்யாண ரிசப்ஷனில் எடுத்த அறுநூறு படத்துக்கு அப்படி விட முடியாது.

கேமராவே இல்லை, போன்தான் என்பவர்களுக்கும் ரா உண்டு. ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த ஐந்தாவது பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2016-ல் வந்த ஐ.ஓ.எஸ் 10-லிருந்தும் ரா எடுக்கும் வசதி இருக்கிறது. கேமரா ஆப்பின் 'ப்ரோ' மோடில் தேடிப் பாருங்கள். கூகுளின் ஸ்னாப்சீட் இந்த டி.என்.ஜி ஃபைல்களை இலவசமாகத் திறக்கும். லைட்ரூம் மொபைலில் ரா எடிட்டிங் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். போன் சென்ஸார் சின்னது என்பதால், சாதாரண மோடில் போன் தானாகப் பல படங்களை அடுக்கிச் சேர்த்துத் தரும் படத்தைவிட, ரா படம் முதல் பார்வைக்கு மோசமாகத் தெரியலாம். அடுத்த வீட்டுக் கொலுவை எடுக்க எல்லாம் ரா போட்டு போன் ஸ்டோரேஜை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாப்வாட்ச் டெஸ்ட்

சரி, எதை எடுப்பது? விமர்சன வீடியோக்களில் ஓடும் மெஷின் வேறு, உங்கள் மெஷின் வேறு. அதனால், சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். லைட்ரூம், கேப்சர் ஒன், டி.எக்ஸ்.ஓ எல்லாவற்றுக்கும் இலவச சோதனைக் காலம் உண்டு. இலவச சாஃப்ட்வேர்களுக்கு அந்தப் பிரச்னையே இல்லை.

நீங்களே எடுத்த இருபது ரா ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். நல்ல வெளிச்சம், மோசமான வெளிச்சம், வெளுத்த சட்டை, இருட்டு முகம் எல்லாம் கலந்து இருக்கட்டும். போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, முதல் படத்திலிருந்து இருபதாவது வரை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்வரை நகர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பிறகு, ஒரு படத்தைச் சரிசெய்து மீதி பத்தொன்பதுக்கும் ஒட்டுங்கள். கடைசியில் இருபதையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு படத்துக்குப் பத்து விநாடி வந்தால், அறுநூறு படத்துக்கு 6,000 விநாடி, ஒரு மணி நாற்பது நிமிடம். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். பெரிய பாதிப்பில்லை. ஆனால், படம் விட்டுப் படம் நகரும் நேரத்தில் தூங்க முடியாது. ஒப்பிடும்போது அந்த எண்ணுக்குத்தான் அதிக மார்க் கொடுக்க வேண்டும்.

டெஸ்டில் எல்லா சாஃப்ட்வேருமே சொதப்பினால், குற்றவாளி சாஃப்ட்வேர் அல்ல. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி போடுவதும், 8 ஜிபி ரேமை 16 ஆக்குவதும் எந்தச் சந்தாவைவிடவும் உருப்படியான செலவு. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் வேலை முடிந்தது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள், மாற்ற முடியாது. மாடல் நம்பரைக் காட்டி விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சீஸன் நடுவில் சாஃப்ட்வேரை மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆடி மாதம் அதற்குத் தோதான காலம். ஒன்றில் செய்த வண்ண வேலை இன்னொன்றுக்கு அப்படியே வராது. நட்சத்திரக் குறி, குறிச்சொல் மாதிரி சில தகவல்கள் போகும், அவ்வளவுதான். அதனால், மாறுவதற்கு முன் பழைய வேலைகளில் முக்கியமானவற்றை முழு சைஸில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட வேண்டும். எடிட் விவரம் எங்கே பதிவாகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற ஒரே ஃபைலில் வைக்கிறது. யு.பி.எஸ் இல்லாத கம்ப்யூட்டரில், கரன்ட் போகும் நேரத்தில் அந்த ஃபைல் கெட்டால் மொத்த உழைப்பும் அதோடு போகும். வெளியேறும்போது அது கேட்கும் 'பேக்அப்' கேள்விக்கு 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்வதை நிறுத்த வேண்டும். டார்க்டேபிளும் ராதெரபியும் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி ஃபைலை எழுதி வைக்கின்றன. ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

பேக்அப் டிஸ்க்கை எங்கே வைப்பது என்பதையும் முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு டிஸ்க் பரணில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் என்று வைத்தால் நிம்மதி.

டெலிவரி கொடுத்த பிறகும் ரா ஃபைலை எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதில் போட்டோகிராபர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆறு மாதத்தில் அழிப்பவர்களும் உண்டு. நாலைந்து வருடம் கழித்து அதே அம்மாவிடமிருந்து போன் வருவதும் உண்டு. "தம்பி, அப்பா தவறிட்டாரு. நல்ல போட்டோ எதுவுமே இல்ல. நம்ம பாப்பா கல்யாணத்துல, மேடைக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருப்பாரே... அந்த முகம் மட்டும் பெருசா பண்ணித் தர முடியுமா?" ஆல்பத்தில் அந்த முகம் நிழலில், ஒரு கட்டைவிரல் நக அளவுக்குத்தான் இருக்கும். பரணில் இருக்கும் டிஸ்க்கை இறக்கி, தூசி தட்டி, லேப்டாப்பில் செருக வேண்டும். அதற்குள் இருக்கும் ரா ஃபைலைத் திறக்க அன்றைக்குக் கையில் ஒரு சாஃப்ட்வேர் இருக்க வேண்டும். காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கும்.